அப்பா நடக்கலாம், செவ்விளநீர்தான் கூடாது

நடந்தால் அப்பாவின் இதயம் நின்றுவிடுமோ என்ற பயம்தான் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. நிற்காது, மகள். சிறுநீரகம் ஓய்ந்ததால் வாரம் மூன்று முறை டயலிசிஸ் (மெஷினில் இரத்தம் சுத்திகரிப்பது) செய்துவிட்டு மற்ற நேரமெல்லாம் கட்டிலில் கிடப்பதுதான் அவரை உருக்குகிறது. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 58 வயதுக்கு அது அதிகம்.

கிளினிக் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டயலிசிஸ் இல்லாத நாளில் வெயில் ஏறமுன் டச்பே கடற்கரையோரம் பத்து நிமிடம் நடக்கட்டும். கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். கோணேசர் கோயில் ஏற்றம் இப்போதைக்கு வேண்டாம். மெஷினில் இருக்கும்போது சைக்கிள் போல் கால் மிதிக்கச் சொன்ன தாதி சரியாகத்தான் சொன்னார். முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்யட்டும். அப்புறம் பிரஷர் விழக்கூடும். ஊசி ஏற்றிய கை மட்டும் அசையக்கூடாது. மற்ற நாட்களில் அந்தக் கையால் பந்து அழுத்தினால் பிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் இணைத்த இரத்தக் குழாய்) வெடிக்காது. உடற்பயிற்சி செய்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) கூடும் என்று நீங்கள் பார்த்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

என் பயம் வேறு. நடந்து வந்ததும் தெம்புக்குச் செவ்விளநீர், சில நாள் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கொடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் ஓய்ந்தவரின் உடம்பில் அது தேங்கும். மிஞ்சினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும், அதுவும் அவர் படுத்திருக்கும்போதே. சிலருக்கு முன்னறிகுறியே இருக்காது. ஆகவே இன்றோடு இரண்டையும் நிறுத்துங்கள்.

நடந்த களைப்பு கொஞ்ச நேரம் இருந்தால் போய்விடும். ஓய்வெடுத்தும் போகாமல் கால்கள் துவண்டு, எழும்பவே பலமில்லாமல் போனாலோ நெஞ்சு படபடத்தாலோ அது பொட்டாசியம் மிஞ்சியதாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு டயலிசிஸ் தவறிய பிறகு இப்படி வந்தால் இன்னும் ஆபத்து. நடுச்சாமம் என்றாலும் வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், "டயலிசிஸ் நோயாளி, திடீரென்று கால் பலமில்லை" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். உடனே ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

டயலிசிஸ் தவறிய நாளிலும், படுத்தால் மூச்சு முட்டும் நாளிலும் நடை கிடையாது. கால் வலிக்கு பாமசியில் நீங்களாக வாங்கும் டைக்ளோபெனாக்கும் வேண்டாம். நடந்து வந்து தாகம் என்றால், அவருக்குச் சொல்லப்பட்ட தண்ணீர் அளவுக்குள் இரண்டு மிடறு கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பினாலும் அடங்கும்.