பிஸ்டன் வரட்டும், அப்புறம் போர்: டர்போ இன்ஜின் பட்டறை வேலை பற்றிய கேள்வி பதில்

கடலூரில் 24 வருஷமாக தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகும் டிராக்டரும் லோடு வண்டியும்தான் சோறு போடுகின்றன. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ மாட்டிய கார் இன்ஜின் வருஷத்துக்கு ஏழெட்டு வந்தால் அதிகம். ஆனால் அதைப் பற்றிய கேள்விகள் மட்டும் தினம் வரும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணே, மாருதி ஜிப்ஸி 1300 இன்ஜினுக்கு டர்போ ஏற்றப் போகிறேன். பட்டறைக் கூலி மட்டும் எவ்வளவு ஆகும்?

என் பட்டறைக் கணக்கைச் சொல்கிறேன் தம்பி, அடுத்த தெருவில் வேறு சொல்வார்கள். நாலு சிலிண்டருக்கும் ரீபோரும், உள்சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்கும் ஹோனிங்கும் சேர்த்து 3,200. டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கும் தடித்த பிளேட், கீழே சொல்கிறேன்) மாட்டிச் செய்தால் இன்னொரு 1,500. கிராங்க் கிரைண்டிங் 2,800. தேய்மானம் இல்லாமல் பாலிஷ் மட்டும் போதுமென்றால் 600. ஹெட் ஃபேசிங் (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) 1,000, பிளாக் ஃபேசிங் 1,500. பதினாறு வால்வுக்கும் சீட் கட்டிங், லேப்பிங் 3,500. பேலன்சிங் மெஷின் என்னிடம் இல்லை. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பி வாங்க, லாரிக் கூலியோடு 5,000 ஆகிறது. பாலிஷை விட்டுக் கூட்டினால் 18,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

கூலி இவ்வளவுதான். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் போல்ட், கேஸ்கட் எல்லாம் வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். லட்ச ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 1,500 ரூபாய் டார்க் பிளேட்டுக்குப் பேரம் பேசுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஜிப்ஸிக்குப் பிஸ்டன் வர ஒரு மாசம் ஆகுமாம். அதற்குள் 74.5 மி.மீ.-க்குப் போர் போட்டு வைத்துவிடலாமா?

போனில் “போர் போடுவீங்களா” என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தண்ணீர்தான் வேண்டியிருக்கும். நீங்கள் இன்ஜினுக்குக் கேட்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் வேண்டாம். பிஸ்டன் கையில் வராமல் பிளாக்கை இறக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷம் முன்பு ஒரு எஸ்டீம் கார் வந்தது. பிஸ்டன் வந்துகொண்டிருக்கிறது, அவசரம் என்றார் வண்டிக்காரர். சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்கு விடுவது போல, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் 0.04 மி.மீ. இடைவெளிக் கணக்கில் போர் முடித்துக் கொடுத்தேன். வந்ததோ ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதோடு வந்த தாளில் 0.08 என்று போட்டிருந்தது. அவர் தாளைப் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஈசிஆரில் மரக்காணம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் இறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் நாலு பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரிலும் (ஸ்கர்ட்) நகத்தால் பிராண்டியது போலக் கோடுகள். பிஸ்டன் பணத்தில் பாதி என் தலையில் விழுந்தது, அது நியாயம்தான்.

ஃபோர்ஜ்டிலும் ரகம் உண்டு. 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் கூடுதல், சூட்டில் குறைவாக விரியும், இடைவெளியை நெருக்கி வைக்கலாம். 2618 அதிகம் விரியும். குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் தட்டும் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். பிஸ்டனை எந்த உயரத்தில் அளக்க வேண்டும் என்பதும் அதே தாளில்தான் இருக்கும். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. வெயிலில் பைக் பெட்டியில் வந்த பிஸ்டனை உடனே அளக்க மாட்டேன். 75 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி ஏறினால் 0.017 மி.மீ. பெருக்கிறது. பிளாக்கும் பிஸ்டனும் ஒரு ராத்திரி ஒரே நிழலில் கிடக்கட்டும். காலையில் ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுப்பேன். பிஸ்டனுக்கு நம்பர் குத்தி, அதற்கேற்ப அந்தந்தச் சிலிண்டரைத் தனித்தனியாக முடிப்பேன்.

ஜிப்ஸி பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். ஸ்டாண்டர்டு 74. டர்போவுக்கு 0.50 ஓவர்சைஸுக்கு மேல் நான் போக மாட்டேன். லைனர் சுவர் மெலிந்தால் டர்போ தள்ளும் அழுத்தத்தை (பூஸ்ட்) தாங்காது.

வில்லியனூரிலிருந்து: டார்க் பிளேட் உண்மையிலேயே தேவையா, காசு பிடுங்கும் வேலையா?

ஹெட் போல்ட்டை முறுக்கும்போது சிலிண்டரின் மேல்பகுதி வட்டம் கெடும். ஹெட் இல்லாத பிளாக்கை வட்டமாக ஹோன் போட்டுக் கொடுத்தால், நீங்கள் வீட்டில் ஹெட்டை முறுக்கியதும் அது நெளியும். அதனால் நடுவில் ஓட்டை போட்ட தடித்த பிளேட்டை ஹெட்டுக்குப் பதிலாக, அதே கேஸ்கட், அதே போல்ட், அதே டார்க்கில் முறுக்கிவிட்டு ஹோன் போடுகிறோம். சாதா வண்டிக்கு அவசியமில்லை. டர்போவுக்கு நான் செய்வேன். பிளேட் என்னிடம் இரண்டு மாடலுக்குத்தான் இருக்கிறது, கேட்டுவிட்டு வாருங்கள்.

பண்ருட்டியிலிருந்து: பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை (ரிங் கேப்) கம்பெனி அளவிலேயே வைத்துவிட்டேன். பிரச்சினை வருமா?

வரும். டர்போவில் மேல் ரிங்குக்குச் சூடு அதிகம். முனை இரண்டும் விரிந்து முட்டிக்கொண்டால் ரிங் போக இடமில்லாமல் போரைக் கீறும், அல்லது பிஸ்டனின் மேல் விளிம்பையே பெயர்த்துவிடும். போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 5 முதல் 6 தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது டர்போவுக்குப் பொதுக் கணக்கு. 74.5 போருக்கு 0.40 மி.மீ. பக்கம் வரும். பிஸ்டன் தாளில் வேறு அளவு இருந்தால் தாள் சொல்வதே சரி.

ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அங்குலம் கீழே தள்ளுங்கள், அப்போதுதான் கோணாமல் நிற்கும். பிறகு ஃபீலர் கேஜ். குறைவாக இருந்தால் ஒரே பக்க முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி அரத்தால் இழுங்கள். திருப்பி இழுத்தால் மேல் பூச்சு சிதறும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஜிப்ஸி ஹெட்டில் 0.2 மி.மீ. சீவினால் பவர் ஏறும் என்கிறார்களே?

டர்போ இல்லாத வண்டிக்குச் சொன்னதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் 1298 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 325 சிசி. கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 8.5 வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது 43 சிசி இடம் மிஞ்ச வேண்டும். 9 என்றால் 40.6. அதில் 0.2 சீவினால் 0.8 சிசி போய்விடும், கம்ப்ரஷன் ஏறும், பூஸ்டில் தட்டும். ஹெட் கோணலாக இருந்தால் மட்டும், கோணல் போகும் அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் போடுவதாக இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் வழவழப்பாக வர வேண்டும், கட்டரின் வேகத்தை மாற்றி ஓட்டுவேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: போர் முடிந்து வந்த பிளாக்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் போதுமா?

போதாது. பெட்ரோல் எண்ணெயைத்தான் எடுக்கும்; ஹோனிங் கல்லின் பொடி குறுக்குக் கோடுகளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெந்நீர், சோப்புப் பவுடர், பிரஷ். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுப் போரைத் துடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள். நான் நாலைந்து தடவை கழுவுவேன். கழுவிய கையோடு காற்றடித்து எண்ணெய் பூச வேண்டும். நம் கடல் காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், எண்ணெய் பூசாமல் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் போர் செம்பழுப்பாகிவிடும்.

பாகூரிலிருந்து: ஆர்டிஓவில் தெரிந்தால் என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் நான் இந்த வேலையைச் செய்து தருகிறேன்.

சிதம்பரத்திலிருந்து: எல்லாம் புதுசு, டர்போவும் புதுசு. ஆனால் ஐடிலில் நிற்கும்போது நீலப் புகை. ரிங் போய்விட்டதா?

ரிங்கைப் பிரிக்கும் முன் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் பைப்பைப் பாருங்கள். டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகும், வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது. தானாக வழிந்துதான் இறங்கும். பைப் மெலிதாக இருந்தாலோ, நடுவில் தொங்கி மேலேறினாலோ, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலோ எண்ணெய் தேங்கி, டர்போ சீலைத் தாண்டி சைலன்சருக்குப் போகும். போன மாதம் வந்த ஒரு வண்டியில் வாயுக் குழாய் மாதிரி மெல்லிய ஹோஸ் மாட்டியிருந்தார்கள். சம்ப்பைக் கழற்றி, எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஓட்டை போட்டு, பெரிய நிப்பிளை வெல்டிங் செய்து கொடுத்தேன். 700 ரூபாய் வேலை. சம்ப்பைக் கழற்றிக் கழுவிக் கொண்டு வந்தால் அன்றைக்கே முடித்துத் தருகிறேன்; எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டு வந்தால் வெல்டிங் பிடிக்காது.