பிறவியிலேயே காது கேளாமை: வன்னிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மல்லாவியிலிருந்து ஒரு தாய்: ஐயா, மகனுக்கு ஏழு மாதம். கதவை அடித்துச் சாத்தினால் திரும்புகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "தாத்தாவும் நாலு வயதில்தான் கதைத்தவர், பொறு" என்கிறார் அப்பம்மா. பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், தங்கச்சி. கதவு சாத்தும்போது நிலம் அதிர்கிறது, காற்று முகத்தில் படுகிறது, நிழலும் அசைகிறது. பிள்ளை இவற்றுக்கே திரும்பியிருக்கலாம். உரத்த சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சு மட்டும் கேளாத பிள்ளைகளும் உண்டு. கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மழலையொலி எழுப்புவதால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். மூளை மொழியை மிக விரைவாகப் பற்றிக்கொள்வது முதல் மூன்று ஆண்டுகளில் என்பதால், 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும் என்று மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். இந்தக் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் பெறுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தந்தை: கைக்குழந்தையை எப்படிச் சோதிப்பார்கள்? நோகுமா?

பதில்: நோகாது. மென்மையான சிறு முனையொன்றைக் காதில் வைத்து மெல்லொலி அனுப்புவார்கள். உட்காதின் நத்தைச்சுருளில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் நலமாக இருந்தால் அங்கிருந்து மிக மெல்லிய ஒலியொன்று திரும்பிவரும். அது வராவிட்டால், தலையில் மின்முனை ஒட்டிச் செவிநரம்பின் துலங்கலைப் பார்ப்பார்கள். இதற்குக் குழந்தை தூங்க வேண்டும். பஸ்ஸில் நெடுந்தூரம் தூங்கிவிட்டு வைத்தியசாலை வாசலில் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். வழியில் விளையாட்டுக் காட்டி விழித்திருக்கச் செய்து, அங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தாய்: நான் மச்சானைத்தான் முடித்தேன். எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். பிள்ளைக்குக் காது கேளாதது நான் கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்கிறார்கள். என் பிழையா?

பதில்: உங்கள் பிழை அல்ல, கிரகணத்துக்கும் காதுக்கும் தொடர்பில்லை. 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேர் இவ்வாறு பிறக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் நன்றாகக் கேட்பவர்களே. காரணங்களில் ஏறக்குறைய பாதி பரம்பரையலகு (ஜீன்) சார்ந்தது. தாயும் தந்தையும் ஒரே பரம்பரையலகில் குறையை வெளித்தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கேளாமை வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் முடிக்கும்போது அப்படி ஒன்றுசேர்வது கூடுகிறது. கர்ப்பகாலத் தொற்று, குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சட்காமாலை ஆகியவையும் காரணமாகலாம். அடுத்த பிள்ளை பிறந்தவுடனேயே சோதியுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மம்மா: பேத்தியின் காதுக் கருவி கீச்சிடுகிறது, கழற்றி எறிகிறாள்.

பதில்: பிள்ளை வளர வளரக் காதும் வளர்கிறது, காதுக்குள் பொருந்தும் கருவியின் அச்சு தளர்ந்தால் இடைவெளியால் ஒலி கசிந்து, கருவிக்குள் திரும்பப் புகுந்து கீச்சிடும். சிறு பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கொருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டும். பங்குனி வெயிலில் வியர்வை உள்ளே இறங்கும். இரவில் பற்றரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகளிட்ட டப்பாவில் கருவியை மூடி வையுங்கள். கருவி போட்டிருக்கும் நேரம் முழுவதும் முகம் பார்த்துக் கதையுங்கள், கையசைவும் காட்டுங்கள். சைகை பேச்சைக் கெடுக்காது.