மோன்டெனுவோவை வில்லனாக எழுதலாமா?

கேள்வி: கல்லூரிக்காக ஆஸ்திரிய அரண்மனை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். சரயேவோவில் சுடப்பட்ட பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் மனைவி சோஃபியை, செத்த பிறகும் அவமானப்படுத்தியவர் மோன்டெனுவோ பிரபு என்று படித்தேன். அவரை வில்லனாகவே எழுதிவிடலாமா?

பதில்: எழுதலாம், தவறே இல்லை. ஆனால் 1914இல் தொடங்கினால் அந்த ஆள் உங்களுக்குப் பிடிபடவே மாட்டார். அவருடைய பாட்டியிலிருந்து தொடங்குங்கள்.

பாட்டி மரி லூயிஸ். பேரரசர் முதலாம் பிரான்சிஸின் மூத்த மகள், நெப்போலியனின் இரண்டாவது மனைவி. 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததும், அவர் கணவனிடம் திரும்பிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள நைப்பர்க் என்ற தளபதியைக் கூட அனுப்பினார்கள். போரில் ஒரு கண்ணை இழந்து, அதன் மேல் கறுப்புப் பட்டை கட்டியிருந்தவர். மரி லூயிஸ் இத்தாலியில் பார்மாவை ஆளப் போனபோது நைப்பர்க்கும் போனார். 1817இல் ஒரு பெண் குழந்தை, 1819இல் ஒரு பையன். அப்போது நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் உயிரோடுதான் இருந்தார்! 1821 மே மாதம் அவர் இறந்தார், அதே ஆகஸ்டில் இவர்கள் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1829இல் நைப்பர்க் இறந்த பிறகுதான் இந்தப் பிள்ளைகள் விஷயம் வியன்னாவில் இருந்த தாத்தாவுக்கே தெரிய வந்தது.

அந்தப் பையன் வில்ஹெல்ம் ஆஸ்திரிய ராணுவத்தில் தளபதியாகி, 1864இல் மோன்டெனுவோ இளவரசர் என்ற பட்டம் வாங்கினார். அவருக்கு 1854இல் பிறந்த மகன்தான் நீங்கள் கேட்கும் அல்ஃபிரெட் மோன்டெனுவோ.

இப்போது முறையைப் பாருங்கள். மரி லூயிஸ், பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்குச் சொந்த அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவர். அப்படியானால் அல்ஃபிரெட்டின் அப்பா பேரரசருக்கு அத்தை மகன். பிரான்ஸ் பெர்டினாண்ட் பேரரசரின் தம்பி மகன். ஆக, மோன்டெனுவோ யாரோ ஒரு அதிகாரி இல்லை, பங்காளி வீட்டுச் சண்டை மாதிரி நெருங்கிய சொந்தத்துக்குள்தான் இவ்வளவும் நடந்தது. ஆனால் குடும்பத்துக்குள் அவருக்கு இடம் கிடையாது. அரச வம்சத்துக்குத் தகுதி குறைந்த உறவில், கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவரின் வாரிசு என்பதால் ஹாப்ஸ்பர்க் பெயரும் இல்லை, உரிமையும் இல்லை. 1909இல் அவர் அரண்மனையின் தலைமை நிர்வாகி ஆனார். யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் வருவது, யாருக்கு எந்த நாற்காலி என்பதெல்லாம் அவர் கையில்.

சோஃபி போஹிமியாவின் பழைய பிரபு குடும்பத்துப் பெண்தான், ஆனால் ஆண்ட வம்சம் இல்லை. அதனால் 1900 ஜூன் 28 அன்று, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று பிரான்ஸ் பெர்டினாண்ட் ஹோஃப்புர்க் அரண்மனையில் சத்தியம் செய்து கொடுத்த பிறகே கல்யாணம் நடந்தது. அரண்மனை விழாக்களில் சின்னச் சின்ன இளவரசிகளுக்கும் பின்னால்தான் சோஃபி வரவேண்டும். சரியாக 14 வருஷம் கழித்து அதே ஜூன் 28இல் இருவரும் சுடப்பட்டார்கள்.

அப்புறம் அந்த இறுதிச் சடங்கு. ஹோஃப்புர்க் தேவாலயத்தில் இரண்டு சவப்பெட்டிகள், சோஃபியுடையது ஏறக்குறைய ஒன்றரை அடி தாழ்வாக. கணவரின் பெட்டி மேல் கிரீடமும் பதக்கங்களும், மனைவியின் பெட்டி மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு இளவரசியிடம் தோழியாக வேலை பார்த்தார் என்பதற்கான அடையாளம் அது. மூன்று பிள்ளைகளின் தாயை அந்த நேரத்தில் அப்படி வைக்க ஒருவருக்கு மனசு வந்திருக்கிறதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் கணிப்பைக் கேட்டால், அவர் இதைச் செய்தது தன் பாட்டியின் கதையை மறந்ததால் அல்ல, நன்றாக நினைவிருந்ததால். தன் குடும்பம் எந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்டதோ அந்த விதியை அவர் ஒழுங்காக ஏற்றுக்கொண்டு வாழ்ந்தார். இன்னொருத்திக்கு அது தளர்ந்தால், தாங்கள் பட்டதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். இதை ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். சடங்கைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு எழுந்ததும், எல்லாம் என் விருப்பப்படியே நடந்தது என்று பிரான்ஸ் ஜோசப் மோன்டெனுவோவுக்குப் பகிரங்கமாக நன்றிக் கடிதம் எழுதினார். ஆகவே பழியில் பாதி கிழவருக்கு. இன்னொன்று, சடங்கு நடந்த அன்று இரவு சவப்பெட்டிகள் ரயிலடிக்குப் போனபோது அழைப்பே இல்லாமல் நூறு பேர் அளவில் பிரபுக்கள் ஊர்வலத்தில் புகுந்து பின்னாலேயே நடந்தார்கள். எல்லாம் மோன்டெனுவோவின் இனம், அவரோடு விருந்து உண்டவர்கள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று யாராவது உங்கள் கட்டுரையில் குறை சொன்னால், அந்த நூறு பேரைக் காட்டுங்கள்.