கேஸ் மீட்டரைக் கழற்ற விடாதீங்க, முதல்ல எழுதி வாங்குங்க

பட்டணம்காத்தானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குழாய் கேஸ் இணைப்பு, 5 பேர் உள்ள வீடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். வழக்கமாக 24, 26 யூனிட் (கன மீட்டர்) வரும். இந்த முறை 71. அதிலும் அந்த இரண்டு மாதத்தில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்காகப் பெரியபட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடந்தது. கேஸ் கம்பெனியில் கேட்டால், "முழுப் பணத்தையும் கட்டுங்க, இல்லைன்னா லைனை கட் பண்ணுவோம், மீட்டர் மேல சந்தேகம்னா நாளைக்கே ஆள் வந்து கழற்றிட்டு புதுசு மாட்டித் தருவார்"னு பதில். இணைப்பு கணவர் பெயரில், அவர் சவூதியில். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சகோதரி, புது மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று சரி சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய மீட்டர்தான், அது சீல் இல்லாமல், நம்பர் குறிக்காமல் ஒரு பையில் போய்விட்டால் அப்புறம் "சோதனை பண்ணினோம், சரியாத்தான் இருக்கு" என்று ஒரு தாள் வரும், அதை மறுக்க உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. என்னிடம் வரும் மீட்டர் தகராறுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்றைக்கே மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். கறுப்பு இலக்கங்கள் முழு கன மீட்டர், கமாவுக்குப் பிறகு உள்ள சிவப்பு இலக்கங்கள் லிட்டர். பில்லில் வருவது கறுப்பு இலக்கம் மட்டும்தான். பில்லில் "தற்போதைய ரீடிங்" என்று போட்டிருப்பதைவிட இன்றைக்கு மீட்டரில் உள்ள எண் குறைவாக இருந்தால், எடுத்தவர் தப்பாக எழுதியிருக்கிறார், அல்லது வராமலே உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள் (வீடு பூட்டிக் கிடந்ததால் இதற்கு நிறைய வாய்ப்பு உண்டு). அப்படியிருந்தால் சட்டம் எல்லாம் தேவையில்லை, போட்டோவோடு ஒரு கடிதம் போதும். மீட்டர் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் ஏறியிருப்பது நடக்காத விஷயம் இல்லை.

அடுத்து எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு கடைசி சிவப்பு இலக்கத்தை அரை மணி நேரம் கவனியுங்கள். நகர்ந்தால் அது மீட்டர் தகராறு இல்லை, கசிவு. உடனே வால்வை மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து அவசர எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். பில் சண்டை அப்புறம்.

கசிவு இல்லை, ரீடிங்கும் சரி என்றால்தான் மீட்டர் மேல் சந்தேகம். சிலிண்டர் இருந்த காலத்தில் உங்களுக்கு ஒன்று 40 நாள் வந்தது என்கிறீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 18 கன மீட்டர் குழாய் கேஸுக்குச் சமம். 60 நாளைக்கு ஒன்றரை சிலிண்டர், அதாவது 27. உங்கள் பழைய பில்களும் அதையேதான் சொல்கின்றன. 71 என்றால் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட நான்கு சிலிண்டர், அதுவும் இரண்டு வாரம் ஆளே இல்லாத வீட்டில்! இந்தக் கணக்கைக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். பெரிய பர்னரை மட்டும் முழுத் தீயில் ஒரு மணி நேரம் எரியவிட்டு, முன்னும் பின்னும் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். 200 லிட்டரைச் சுற்றி வந்தால் இயல்பு, 500, 600 என்று ஓடினால் சந்தேகத்துக்கு வலு. இது ஆதாரம் ஆகாது, ஆனால் சோதனை கேட்பதற்குக் காரணம் ஆகும்.

மீட்டர் துருப்பிடித்திருக்கிறது, உப்புக் காற்றில் கெட்டுவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் கடலோரத்தில் வெளிச்சுவரில் மாட்டிய எந்த இரும்பும் துருப்பிடிக்கும், அதை வைத்து மீட்டர் வேகமாக ஓடியது என்று வாதிட முடியாது. துரு இணைப்புகளையும் சீலையும் அரித்திருக்கிறதா என்று மட்டும் போட்டோ எடுங்கள். "சீலை நீங்களே உடைத்தீர்கள்" என்று யாராவது சொன்னால் அப்போது அது உதவும்.

கடிதம் கணவர் பெயரிலும் உங்கள் பெயரிலும் சேர்த்து இருக்கட்டும். மூன்று விஷயம் கேளுங்கள்: மீட்டரை உங்கள் முன்னிலையில் ரீடிங், நம்பர் குறித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே கழற்ற வேண்டும், சோதனை எங்கே எப்போது என்று எழுத்தில் முன்கூட்டியே சொல்லி உங்களையும் அனுமதிக்க வேண்டும், முடிவு வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மீட்டர் முகப்பில் 'கிளாஸ் 1.5' என்று இருக்கிறதா பாருங்கள். புதிதாக வரும்போது, வழக்கமான ஓட்டத்தில் கூடவோ குறையவோ 1.5 சதவீதத்துக்கு மேல் பிழை இருக்கக் கூடாது என்று அர்த்தம். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். வெற்றுத் தாளில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருப்பது தைரியம் இல்லை, அவர்களுக்குக் காரணம் கொடுப்பது. முந்தைய பில்களின் சராசரித் தொகையை, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி ஆன்லைனில் கட்டுங்கள்.

அளவைக் கருவி சரியாக இருக்கிறதா என்பது சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வரும் விஷயம். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். மீட்டருக்கு முத்திரையும் சரிபார்ப்பும் உண்டா என்று அதிலேயே கேளுங்கள். கேஸ் விநியோகத்தை மேற்பார்க்க 2006 சட்டப்படி ஒழுங்குமுறை வாரியம் ஒன்று டெல்லியில் இருக்கிறது, புகாரின் நகலை அதற்கும் அனுப்பலாம், ஆனால் ஒரு வீட்டு பில்லுக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிலர் மின்வாரிய விதியைக் காட்டி எழுதச் சொல்வார்கள், அது மின்சாரத்துக்கு, இங்கே செல்லாது.

நியாயமான பதில் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் "சேவை" என்பதற்குள் மின்சாரமும் மற்ற எரிசக்தி வழங்கலும் நேரடியாக வருகின்றன, அதனால் "இது நுகர்வோர் வழக்கே இல்லை" என்று அவர்கள் சொல்ல முடியாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைத் தேடி ஓட வேண்டாம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டிப்பு மிரட்டல் இருந்தால் புகாரோடு இடைக்கால உத்தரவுக்கும் பிரிவு 38(8)-இல் மனு போடுங்கள், மீட்டரை ஆய்வகத்துக்கு அனுப்பவும் அங்கேயே கேளுங்கள். சோதனை தேவைப்படும் வழக்குக்குச் சட்டம் சொல்லும் காலம் 5 மாதம், நடைமுறையில் கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்கி வைத்தால் சில நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

வீடு பூட்டியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அதே இரண்டு மாத மின்கட்டண ரீடிங்கை எடுங்கள், அது குறைந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. போட்டோ எடுத்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்டால் பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி நீங்களே கையெழுத்திட வேண்டியிருக்கும், அதோடு நிபுணர் கையெழுத்தும் தேவை.

கணவர் ஊரில் இல்லையே என்ற கவலை வேண்டாம். பணம் கட்டியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) அதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். ஆள் நாளைக்கு வந்தால் கதவைத் திறங்கள், ஆனால் ரீடிங், நம்பர் குறித்த தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.