இனாம் என்றா சொன்னீர்கள்?

கேள்வி: வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பஞ்சமி நிலம் என்று ஏக்கர் கணக்கில் இனாமாகக் கொடுத்தார்கள். நூற்றுமுப்பது வருடங்கள் ஆகிவிட்டன. அதை வைத்து முன்னேறத் தெரியவில்லை என்றால் குறை யாரிடம்?
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை மேலே போகவிடாமல் பிடித்துக்கொண்டது. இனாம். முன்னேற்றத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அரபியிலிருந்து பாரசீகம் வழியாக நம் வருவாய்க் கணக்குக்குள் வந்த சொல் அது. கொடை என்று பொருள். வரி இல்லாமலோ, பெயருக்கு ஒரு வரி வைத்தோ அரசு விட்டுக்கொடுத்த நிலத்துக்கு இனாம் என்று பெயர். கோயிலுக்கு இனாம், மடத்துக்கு இனாம், பள்ளிவாசலுக்கு இனாம், வேதம் ஓதியவருக்கு இனாம், ஊர்க் கணக்கு எழுதியவருக்கு இனாம். இனாம்குளத்தூர், இனாம்மணியாச்சி, இனாம்கரூர் என்று ஊர்ப் பெயர்களிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். அனுபவித்து வந்தவர்களின் உரிமையை விசாரித்து, சிறு தொகையை வரியாக நிர்ணயித்து, உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சியவற்றுக்கு 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. கொடையாக வந்த நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் விற்கவும் அடகு வைக்கவும் தக்க சொத்தாக மாறியது. அந்தக் குடும்பங்களைப் பார்த்து “இனாமாக வாங்கியும் முன்னேறவில்லையா?” என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, பெரும்பாலோர் முன்னேறிவிட்டார்கள்.

சொல் வருவதற்கு முன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது. பிராமணர்களுக்குப் பிரமதேயம், கோயில்களுக்குத் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம் எல்லாம் அரசன் கொடுத்த நிலங்களே. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவற்றில், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி இருக்கிறது. சோழர் காலத்தில் ஓர் ஊரைக் கொடுத்த முறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடக்கவிடுவார்கள். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். அதற்குள் உடும்பு ஓடிய நிலம், ஆமை தவழ்ந்த நிலம் அத்தனையும் பெற்றவருக்கு உரியது. அத்தோடு முடியாது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சலாம் என்று உரிமைகளை வரிசையாக வெட்டிவைத்தார்கள். நிலத்தோடு நீரும் வீடும் வழியும் சேர்ந்தே போக வேண்டும் என்பது ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளில் ஊர் ஊராக வரியில்லாத நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. யார் எங்கே குடியிருக்க வேண்டும், செத்தால் எங்கே எரிய வேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது. யானை நடந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இந்த வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். கோபக் கடிதங்கள் வரும். வரட்டும்.

இனி உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அந்த மாவட்டம் மிராசு மாவட்டம். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை வைத்திருந்தவர்கள்தான் மிராசுதாரர்கள். தரிசு நிலம் வேண்டும் என்று ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால் அதில் முதல் உரிமை மிராசுதாரருக்கு. சேரிக்காரர் மனு போட்ட மறுநாளே மிராசுதாரர் எழுந்து “எனக்கு வேண்டும்” என்றால் கதை முடிந்தது. பயிர் செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. சேரிக்காரர் பயிர் செய்யாமல் இருந்தால் போதும்.

குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையதாகவே கருதப்பட்டது. கூலி போதாது என்று ஒருவன் வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். கையில் பிள்ளை, தலையில் சட்டி, போக இடம் இல்லை. அப்படிப்பட்டவன் எந்தக் கூலிக்குப் பேரம் பேசுவான்? இருக்கும் மனை சொந்தமில்லாதவனுக்கு உழைப்பும் சொந்தமில்லை என்பதை திரமென்ஹீர் கண்டுகொண்டார். அவர் அறிக்கையை ஒட்டி, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்கும் அரசாணை 1892-ல் வந்தது. அந்த நிலம்தான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல்தான் வந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே எண்பது வருடங்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கத்தான் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வட மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய ஒப்படைப் பட்டாவைப் பார்த்தேன். ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. புலப்படத்தின் நகலையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தேன். நான்கு பக்கமும் அடுத்தவர் வரப்பு. வண்டிப்பாதை எந்தப் பக்கமும் இல்லை. வாய்க்கால் இருக்கிறது, நிலத்தைவிடத் தாழ்வில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது. “மல்லாட்டை (நிலக்கடலை) போடுவேன் ஐயா. மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கொல்லையில் கரும்பு நின்றால் அதுவும் முடியாது. வயலிலேயே வந்து எடுத்துக்கொள்கிறவர் சொல்வதுதான் விலை” என்றார். பட்டா என்னவோ அவர் பெயரில்தான். விலையை முடிவு செய்தவர் பாதைக்குச் சொந்தக்காரர்.

கடனும் அப்படித்தான். பஞ்சமி நிலத்தைப் பத்து வருடங்களுக்கு விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடு தராமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனை சரியானது என்றே நினைக்கிறேன். அதுவும் இல்லாவிட்டால் ஒரு பஞ்சத்தில் அத்தனையும் கைமாறியிருக்கும். ஆனால் இப்படிப் பூட்டுப் போட்டவர்கள் கடனுக்கு வேறு வாசல் திறந்திருக்க வேண்டும். முழு உரிமைப் பட்டா வைத்திருந்தவர் நிலத்தை அடகு வைத்து மகனைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த மகன் வக்கீலாகி அடகை மீட்டார். பஞ்சமி நிலக்காரரோ மகளுக்குக் காய்ச்சல் என்றால் மேல்தெருக்காரரிடம் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்தார். அது போக்கியம் (அனுபவ அடகு) என்று ஆனது, பிறகு கிரயம் (விற்பனை) என்று ஆனது. சட்டப்படி செல்லாத கிரயம். செல்லாது என்று சொல்ல வேண்டிய அரசு சொல்லவில்லை. திரும்ப எடுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அதைக் கையாளாமல் இருந்ததுதான் இந்த விவகாரத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

இங்கே என் பழைய சண்டையையும் இழுத்துவிடுகிறேன். புறம்போக்கு என்பதை வசவாகப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டு நான் எழுதியபோது, சொல்லில் என்ன இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். வருவாய்ப் பதிவேட்டில் ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். 1980களில் யு.டி.ஆர். என்ற பெயரில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் ‘நிபந்தனைப் பட்டா’ என்ற குறிப்பு, ஊரின் நிலங்கள் யார் பெயரில் என்று காட்டும் புதிய அ-பதிவேட்டில் ஏறாமலே போயிற்று. அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது. இரண்டு சொற்கள் விடுபட்டதில் செல்லாத கிரயம் செல்லுபடியாவது போலத் தோற்றம் கொண்டது. பதிவேட்டில் ஒரு குறிப்பு விடுபட்டால் நிலமே போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை நான் சொற்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

குறை யாரிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணை உங்கள் பக்கத்து ஊர்தான். பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி அங்கே மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். 1892-ன் ஆணையில் எழுதியிருந்ததைத்தான் கேட்டார்கள்.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் உங்கள் ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும், இப்போதைய அ-பதிவேட்டுக்கும் நகல் கேட்டு மனுப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழையதில் பஞ்சமி என்று இருக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே புதியதில் யார் பெயர் இருக்கிறது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.