வெள்ளை இலை, காஸ்ட்லி கொடி: வாங்கறவங்க கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல வெரிகேட்டட் கொடி, அதாவது இலைல பச்சையோட வேற நிறமும் கலந்து வர்ற கொடி பத்திதான், மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான்னு. சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: "மான்ஸ்டெரா ஆல்போ கட்டிங்"னு இன்ஸ்டாகிராம்ல பாத்து 1,800 ரூபா ஜிபே பண்ணேன். பாதி வெள்ளை பாதி பச்சைன்னு அழகா ஒரே ஒரு இலை, நீளமான காம்போட வந்துச்சு. ரெண்டு மாசமா தண்ணில வச்சிருக்கேன், தளிரே வரல. (வேளச்சேரி)

வராதுங்க. உங்களுக்கு வந்தது இலையும் காம்பும் மட்டும், கட்டிங் இல்ல. கட்டிங்னா தண்டுல ஒரு கணுவாவது இருக்கணும், அதாவது காம்பு தண்டோட சேர்ற இடத்துல ஒரு வளையம், அதுக்கு மேல சின்னதா ஒரு மொட்டு, பக்கத்துல பழுப்பா காத்து வேர் முண்டு. அந்த மொட்டுல இருந்துதான் புது செடியே கிளம்பும். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல, கட்டிங்னு சொல்லித்தானே காசு வாங்குனாங்க. விளம்பரம், சாட், யுபிஐ நம்பர், செடி போட்டோ எல்லாத்தையும் இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. ஆள் பதில் சொல்லிட்டு இழுத்தடிச்சா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன். உங்களை பிளாக் பண்ணிட்டு ஓடிட்டா 1930, பண மோசடிக்கு உள்ளது, அதுக்கு எவ்ளோ சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்ளோ நல்லது.

கேள்வி: மணி பிளான்ட் திருடி வச்சாதான் நல்லா வளருமாமே? (திண்டுக்கல்)

கேட்டு வாங்குங்க, நல்ல கணுவா பாத்து வெட்டிக்கலாம்.

கேள்வி: ஆன்லைன்ல "வெரிகேட்டட் மணி பிளான்ட் விதை, 100 எண்ணம்" 149 ரூபாக்கு வாங்கினேன். முளைச்சது பாத்தா சிறுகீரை மாதிரி இருக்கு. பெருசானா மாறுமா? (மதுரை)

மாறாது. கீரையா இருந்தா லாபம்னு வச்சுக்கோங்க, ஆனா என்னன்னு தெரியாம கடைஞ்சிடாதீங்க.

இந்த விதை வியாபாரத்தைப் பாத்தா எனக்கு அப்படி எரியும். மணி பிளான்ட் பூக்கறதே இல்லைங்க. பூ விடறதுக்கு வேண்டிய ஜிப்ரலின் ஹார்மோனை அந்த செடியால ஒழுங்கா தயாரிக்க முடியல, மரபணுவுலயே கோளாறுன்னு 2016ல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. பூவே இல்லாத செடிக்கு விதை எங்கருந்து வரும்? நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு தொங்கற அத்தனையும் யாரோ யார்கிட்டயோ வெட்டி வாங்கின துண்டுதான். மான்ஸ்டெரா பூக்கும், விதையும் வரும், ஆனா ஆல்போவோட அந்த வெள்ளை நிறம் விதை வழியா போகாது, ஏன்னா ஒரே தண்டுல பச்சையம் உள்ள செல்லும் இல்லாத செல்லும் கலந்து இருக்கறதாலதான் அந்த வெள்ளையே, அது கணு வழியாத்தான் அடுத்த செடிக்குப் போகும். அதான் ஆல்போ அந்த விலை. தாய் கான்ஸ்டலேஷன்னு இன்னொரு வெரிகேட்டட் மான்ஸ்டெரா ரகம், அதை திசு வளர்ப்புல, அதாவது லேப்ல சின்னத் துணுக்குலருந்து, ஆயிரக்கணக்குல பண்ண முடியுது, அதனாலதான் அது விலை இறங்கிட்டே வருது. இதெல்லாம் தெரிஞ்சும் நீல நிற இலை, ரோஸ் கலர் இலைன்னு படத்தைப் போட்டு 149, 199னு விக்கறாங்க பாருங்க, அந்த விலையை யோசிச்சுதான் வச்சிருக்காங்க. 149 ரூபாக்கு யாரு அலையப்போறான்னு கணக்கு. அலைய வேணாம், ஆப்லயே "பொருள் படத்துல உள்ளது இல்ல"ன்னு புகார் போடுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி அவங்க குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகாரை பெற்றதா பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். 149 ரூபாதானேன்னு விட்டுடாதீங்க சார், ப்ளீஸ்.

கேள்வி: மார்பிள் குயின்னு வெள்ளை கலந்த மணி பிளான்ட் 450 ரூபாக்கு வாங்கி டிவி யூனிட் மூலைல வச்சேன், ஜன்னல் கிடையாது, அழகுக்கு சீரியல் லைட் சுத்தி விட்டேன். ஆறு மாசத்துல எல்லாம் பச்சை. நர்சரில ரீஃபண்ட் தரமாட்டேங்கறாங்க. (கோவை)

ஏன் தரணும்? இருட்டுல வச்சா செடி பிழைக்கறதுக்காக பச்சையத்தைத்தான் கூட்டும். சீரியல் லைட்டெல்லாம் வெளிச்சக் கணக்குலயே வராது. ஜன்னல்லருந்து ரெண்டு மூணு அடிக்குள்ள, நேர் வெயில் படாம வைங்க. அப்புறம் கொடியைப் பின்னாடி தடவிட்டே வாங்க, தண்டுல வெள்ளைக் கோடு எந்தக் கணு வரைக்கும் தெரியுதோ அதுக்கு மேல வெட்டிடுங்க. பச்சைக் கிளையை விட்டு வச்சா அது வேகமா வளந்து மொத்தத்தையும் பிடிச்சுக்கும். அடுத்த தடவை வாங்கும்போதும் இலையைப் பாத்து மயங்காம தண்டைத் திருப்பிப் பாருங்க, தண்டு சுத்தப் பச்சையா இருந்தா அந்தக் கிளைல இனி வர்றது பச்சைதான். ஜன்னலே இல்லாத மூலைதான் வேணும்னா பிளாஸ்டிக் செடி வாங்குங்க, கோச்சுக்காதீங்க.

கேள்வி: பிங்க் காங்கோன்னு ரோஸ் இலை பிலோடென்ட்ரான் 2,500 சொல்றாங்க, வாங்கலாமா? (திருச்சி)

வேணாம். நான் வாங்கி முடிச்சாச்சு. அந்த ரோஸ் கெமிக்கல் குடுத்து வரவைக்கறது, சில மாசத்துல புது இலை எல்லாம் பச்சையா வர ஆரம்பிக்கும். எங்க வீட்ல இப்ப சாதா பச்சை பிலோடென்ட்ரான் ஒண்ணு நல்லா கொழுகொழுன்னு இருக்கு, வர்றவங்க யார்கிட்டயும் விலை சொல்றதில்ல. ரோஸ் ஆசை விடலன்னா பிங்க் பிரின்சஸ் பாருங்க, அது செடியோட சொந்தக் கலர், ஆனா அதுலயும் தண்டுல ரோஸ் கோடு இருக்கான்னு பாத்துத்தான்.

கேள்வி: இலையோட வெள்ளைப் பகுதி மட்டும் ஓரம் கருகுது. தண்ணி வேஸ்ட் ஆகக்கூடாதுன்னு ஆர்.ஓ. கழிவுத் தண்ணிதான் ஊத்தறேன். கொடி ஏத்தற பாசிக் கம்பு, அதான் மாஸ் ஸ்டிக், அதுலயும் ஏற மாட்டேங்குது. (சென்னை)

உங்க நல்ல மனசுதான் கருக்குது. ஆர்.ஓ. வெளிய தள்றது உப்பு கூடின தண்ணி, போர் தண்ணின்னா கேக்கவே வேணாம். அதை பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க. செடிக்கு மழைத்தண்ணியோ கார்ப்பரேஷன் தண்ணியோ ஊத்துங்க, முதல்ல ஒருதடவை தொட்டி அடில ஓட்டை வழியா நல்லா வடியற அளவுக்கு ஊத்தி உப்பைக் கழுவுங்க. கருகின ஓரம் திரும்பாது.

ஸ்டிக் விஷயம். பிவிசி பைப்ல தென்னங்கயிறு சுத்தினதை மாஸ் ஸ்டிக்னு விக்கறாங்க, அதுல மாஸும் இல்ல, தண்ணியும் நிக்காது. காத்து வேர் ஈரம் இருந்தாத்தான் உள்ள போகும். பிளாஸ்டிக் வலையை குழாயா சுருட்டி ஸ்பாக்னம் மாஸ்னு தண்ணி பிடிச்சு வைக்கற பாசியை அடைச்சு மேலருந்து தண்ணி விடுங்க. வேர் முண்டு இருக்கற பக்கம் ஸ்டிக்கைத் தொடணும், கட்டறப்ப தண்டைக் கட்டுங்க, இலைக்காம்பைக் கட்டாதீங்க. ஏற ஏற இலை பெருசாகும், தொங்க விட்டா சின்னதாகும்.

கேள்வி: நர்சரில வாங்கின மறுநாளே பாத்தா வேர் அழுகல். பில் கேட்டா இல்ல, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு போர்டைக் காட்றாங்க. (சேலம்)

போர்டு சட்டம் இல்ல. 2019 நுகர்வோர் சட்டத்துல பில் தராததும் நியாயமற்ற வியாபாரம், பழுதான பொருளை எடுத்துக்க மாட்டேன்றதும் அதே கணக்குதான், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள திருப்பித் தரலாம். தொட்டில இருந்து எடுத்த வேரை வீடியோ எடுத்துட்டு நேர்ல போங்க, குரல் உசத்தாம 1915ன்னு ஒருதடவை சொல்லிப் பாருங்க.

கேள்வி: வீட்ல பூனை இருக்கு, மணி பிளான்ட் வைக்கலாமா? (தாம்பரம்)

எட்டாத உயரத்துல. கடிச்சா வாயெல்லாம் எரியும், எச்சில் வடியும், அதுல கால்சியம் ஆக்சலேட் ஊசி இருக்கு. பூனைக்கு எட்டாத உயரம்னு ஒண்ணு உங்க வீட்ல இருந்தா சொல்லுங்க.

கேள்வி: வாடகை வீடு. ஸ்டிக் எதுக்கு, சுவத்துலயே ஏத்தி விடலாமா? (ஆவடி)

அட்வான்ஸ் திரும்ப வேணாம்னா ஏத்துங்க.