ஊழியத்துக்கு முன்னால் உதவி கேளுங்கள்

கேள்வி: நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து ஆட்கள். என் கணவர் திருச்சபை ஊழியம் செய்கிற உபதேசியார். மே மாதக் கடைசியில் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம், அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் புது ஊழியம் தொடங்க அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து மழை. துணி காயவில்லை, நாலு வயது மகனுக்குச் சளி விடவில்லை. புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம் வைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் அவர்களும் நின்றுவிட்டார்கள். ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் ‘எத்தனை குடும்பம் சேர்ந்திருக்கு?’ என்றே கேட்கிறார்கள். ஒருவர் ஆலயம் கட்டப் பணம் தருவதாகச் சொல்கிறார். கட்டடம் வந்தால் ஆட்கள் வருவார்களா? எனக்கு இங்கே மனம்விட்டுப் பேச ஆள் இல்லை.
- உபதேசியாரின் மனைவி, பந்தலூர் வட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் ரொம்ப மனம் உடைந்திருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் உங்களை ஒதுக்கவில்லை. பொழுது விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு மலைக்குப் போகிறவர்கள் அவர்கள். நாள் முழுக்க நனைந்துகொண்டே கொழுந்து பறித்து, எடை போட்டு, வரும்போது விறகும் பொறுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்கிறார்கள். அதற்கு மேல் யானை. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை தேயிலைக்குள்ளேயே நிற்கும், இருட்டினால் லைன் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு வாசலுக்கும் வரும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களே பொழுது சாய்ந்தபின் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் தனியாக நடக்க மாட்டார்கள். நாசரேத்தில் ராத்திரி ஏழு மணிக் கூட்டம் முடிந்து தெருவிளக்கில் பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். பந்தலூரில் அது முடியாது. எத்தனை மணிக்கு, யார் வீட்டுத் திண்ணையில் என்பதை அவர்களிடமே கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் போதும் என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேளுங்கள் என்று சொல்வதை நான் கூட்டத்தோடு நிறுத்தப்போவதில்லை. ஊழியத்துக்கு வருகிறவர்கள் கொடுக்கிற கையோடு வருகிறோம்: ஜெபம், ஆலோசனை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். வாங்கிக்கொள்ள நமக்குக் கூச்சம். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு வாங்காதவள் அந்த ஊர்க்காரி ஆகமாட்டாள். உங்களுக்கு இப்போது நிஜமாகவே உதவி தேவைப்படுகிறது. மழையில் விறகை எங்கே அடுக்கினால் நனையாது, ஈரத் துணியை அடுப்புக்கு மேலே எப்படிக் கொடி கட்டிக் காயவைப்பது, அட்டை கடித்தால் இழுத்துப் பிய்க்காமல் உப்பு வைத்து எப்படி விழவைப்பது என்று அடுத்த லைன் அக்காவிடம் போய்க் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அக்கா உங்களுக்குச் சொல்லித்தரும் நிலையில் இருக்கட்டும், நீங்கள் கற்றுக்கொள்ளும் நிலையில் இருங்கள். ஒரு வருஷம் இப்படிப் போனாலும் அது வீண்போன வருஷம் ஆகாது.

சரி, யாரிடம் வந்திருக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டான்டீ தோட்டங்களே இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழருக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டவை. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, கையில் தாயகம் திரும்பியோருக்கான ஒரு குடும்ப அட்டையோடு இந்த மலைக்கு வந்தார்கள். பல வீடுகளில் அந்த அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்கள். சில அட்டைகளில் குடும்பத்தோடு சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும். படத்தில் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

வயசான பாட்டி ஒருவரிடம் உட்கார்ந்து, ‘எந்த வருஷம் கப்பலேறினீங்க பாட்டி?’ என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெண், மண்டபமும் ராமேஸ்வரமும் கேள்விப்படாத ஊர் இல்லை. ஊரைவிட்டு வந்து மழையில் உட்கார்ந்து அழுதது என்றால் என்னவென்று அந்தப் பாட்டிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மனம்விட்டுப் பேச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் பேசுங்கள்.

அவர்களில் பலர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மலையகத்திலிருந்து கொண்டுவந்த திருவிழாக்களை இங்கேயும் விடாமல் நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், ஞாயிறு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். உதவிக்குப் பின்னால் கொக்கி இருக்கிறது என்று லைனில் ஒரு வீட்டுக்குத் தோன்றினாலும் மறுநாள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதேபோல், மலையாள சபைகள், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று அங்கே ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் உங்கள் கணவரை. அவர்கள் சபைக் குடும்பத்தை இழுத்து உங்கள் கணக்கில் சேர்ப்பது ஊழியம் இல்லை.

கட்டடம் இப்போது வேண்டவே வேண்டாம். பணம் தருகிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த ஊர் நிலத்தின் கதை அவருக்குத் தெரியாது. டான்டீ நிலம் அரசு நிலம். வெளியே வாங்கலாம் என்றால், கூடலூரில் ஜன்ம நிலம் என்கிற பழைய பரம்பரை உரிமை நிலங்களுக்கென்று 1969-இல் சட்டம் வந்தும், அதன் 17-ஆம் பிரிவில் வருகிற குத்தகை நிலங்களைப் பற்றிய ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்கிற வழக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களே பட்டாவுக்கும் கரண்டுக்கும் அலைகிறார்கள். வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேறு வேண்டும், மலைப்பகுதிக் கட்டட விதிகள் வேறு. இதெல்லாம் தெரியாமல் ஒரு தகரக் கொட்டகை போட்டாலும் ஊழியம் முழுக்க அலுவலகப் படியேறுவதிலேயே கழியும். போதாததற்கு, டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதால், ஓய்வு பெற்றபின் எங்கே போவது என்று தொழிலாளர் குடும்பங்களே கவலையில் இருக்கின்றன. அவர்கள் குடியிருப்பே கேள்வியாக இருக்கும்போது நாம் ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுத் திண்ணையில் கூடுங்கள்.

‘எத்தனை குடும்பம்?’ என்று கேட்கிறவர்களுக்கு நீலகிரியிலிருந்தே பதில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பாசல் மிஷன்காரர்கள் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஊழியம் தொடங்கியது 1846-இல். அந்த மலையின் படகர் சமூகத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1858-இல். நடுவில் பன்னிரண்டு வருஷம். உங்களுக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அடுத்த முறை போன் வந்தால் எண்ணிக்கை சொல்லாதீர்கள். யார் வீட்டில் டீ குடித்தீர்கள், எந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வந்தது என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் உங்கள் கணவர் பேசட்டும், நீங்கள் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மகன் சளியைத் தைலம் தேய்த்தே ஓட்டாதீர்கள். இத்தனை மாதம் விடாத சளியை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், இந்த வாரமே போங்கள். முடிந்தால் கணவரும் கூட வரட்டும். எல்லா வீட்டுக் குழந்தையையும் விசாரிக்கிற உபதேசியார் தன் பிள்ளைக்காக ஒரு பகல் விடுவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் வைக்கத்தான் நினைப்பீர்கள். ஊரில் மாதிரி நடு ராத்திரியில் கிளம்பாதீர்கள். எந்த லைனில் தொடங்குவது, இருட்டுமுன் எப்படித் திரும்புவது என்பதை அந்த லைன் பையன்களே திட்டம் போடட்டும். பாட்டுக்கு மேளம் வேண்டும் என்று கேட்டால், கோயில் திருவிழாவில் அடிக்கிற பையன்களே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.